ஒல்லாந்தர் இழுத்த கோடுகள்

புதுவையின் அழகைச் சொல்லப் புகும் எவரும் முதலில் சொல்வது அதன் நேர்த்தெருக்களைப் பற்றியே. கடலை நோக்கிக் கிழக்கே ஓடும் தெருக்கள், அவற்றைச் செங்கோணத்தில் வெட்டிச் செல்லும் வடக்குத் தெற்குத் தெருக்கள், இடையே சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல அமைந்த மனைகள். இவ்வொழுங்கு பிரெஞ்சியரின் கைவண்ணம் என்றே பலரும் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வெளியூர் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டும்போதும் அவ்வாறே சொல்லி வந்தோம். ஆனால் அக்கோடுகளை முதலில் தாளில் இழுத்தவர்கள் பிரெஞ்சியர் அல்லர். ஆறே ஆண்டுகள் இவ்வூரைப் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தர். அவர்கள் அக்கோடுகளை இழுத்தபோது மனத்தில் கொண்டிருந்த குடிகளுள் நெசவாளர் முதன்மையானவர் என்பது, முத்தியால்பேட்டையில் வாழும் நமக்குக் கூடுதலாகச் சுவை தரும் செய்தி.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பீசப்பூர் சுல்தானின் கீழ் வாலிகண்டபுரத்தை ஆண்டுவந்த ஷேர்கான் லோடியின் இசைவினால் 1673இல் பிரெஞ்சியர் புதுச்சேரியில் காலூன்றினர். பின்னர் பொறுப்பேற்ற பிரான்சுவா மார்த்தேன் சிறு கோட்டை ஒன்றைக் கட்டி, வணிகரையும் நெசவாளரையும் அழைத்துக் குடியேற்றி, மீனவர் குப்பங்களுக்கிடையே ஒரு பண்டகசாலையை வளர்த்தார். அன்றைய சோழமண்டலக் கரையில் பெரும் வணிகர் ஒல்லாந்தரே. பழவேற்காட்டில் 1613 முதல் அவர்களுக்குக் கோட்டை இருந்தது; நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி, 1690இல் அதனையே தலைமையிடமாகவும் ஆக்கிக் கொண்டனர். சதுரங்கப்பட்டினம், பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம் என்று வழியெங்கும் அவர்களுடைய பண்டகசாலைகள். இந்த வரிசையின் நடுவே பிரெஞ்சியரின் புதுச்சேரி கண்ணில் விழுந்த துரும்பாக இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டிருந்த காலம். செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராசாராமிடம் ஊருக்கான உரிமையைப் பெற்றுக்கொண்டு, 1693இல் பெருங்கப்பற்படையுடன் வந்து முற்றுகையிட்டனர். மார்த்தேனின் சிறிய கோட்டை நெடுநாள் தாங்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் புதுச்சேரி ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று.

1697இல் ஒல்லாந்திலேயே உள்ள ரிசுவிக் என்னும் ஊரில் உடன்படிக்கை ஏற்பட்டு, ஊரைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஆயினும் 1699இல்தான் மார்த்தேன் மீண்டும் இங்கே கால்வைத்தார். அதற்கும் ஒரு விலை இருந்தது. தாங்கள் கட்டிய அரண்களுக்கும் செய்த திருத்தங்களுக்குமாக ஒல்லாந்தர் 16,000 வராகன் கேட்டுப் பெற்றுக்கொண்டே வெளியேறினர். வணிகர் அல்லவா, கணக்கில் குறை வைக்கவில்லை!

அந்தத் 'திருத்தங்கள்' என்பவை யாவை என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் உறங்கிக்கொண்டிருந்த பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து வரைபடங்களை ஆராய்ந்து, வரலாற்றறிஞர் ழான் தெலொஷ் எழுதிய நூலைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2004இல் வெளியிட்டது. அதன் பிறகே உண்மை துலங்கிற்று. ஒல்லாந்தர் வருமுன் இருந்த ஊர் வளைந்தும் நெளிந்தும் கிடந்த குடியிருப்புகளின் தொகுதி. ஒல்லாந்தர் வரைந்த திட்டமோ நேர்கோடுகளும் செங்கோணங்களும் கொண்டது. அதில் நெசவாளர்க்கென்று தெருக்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆறு ஆண்டுக்குள் அத்திட்டம் முழுவதையும் அவர்கள் நிறைவேற்றிவிடவில்லை. திரும்பி வந்த பிரெஞ்சியர் அதைக் கிழித்தெறியாமல் தொடர்ந்தனர் என்பதே சிறப்பு. பகைவன் போட்ட கோலத்தை அழிக்காமல் அதன்மேல் புள்ளி வைத்துப் பெரிதாக்கியதைப் போன்ற செயல் அது.

நெசவாளர்க்கு ஏன் இத்துணை மதிப்பு? துணி என்பது அன்று ஆடை மட்டுமன்று, நாணயமும் ஆகும். கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் சாதிக்காயும் கிராம்பும் வாங்கச் சென்ற ஒல்லாந்தர்க்கு வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே எளிதாகச் செல்லுபடியாயிற்று. தறி இல்லாத துறைமுகம் அவர்களுக்குப் பயனற்றது. பிற்காலத்தில் பிரெஞ்சியரும் இதே வழியில் சென்றனர். அவுரிச் சாயத்தில் தோய்த்த 'கினே' என்னும் நீலத்துணி புதுவையிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்குக் கப்பலேறி, அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாக அளந்து கொடுக்கப்பட்டது. அதன் கருநீல மினுக்கையும் சாயத்தின் வாடையையும் கொண்டே அங்குள்ளோர் சரக்கின் தரம் பார்த்தனர் என்பர்.

இவ்விடத்தில் நம் பேட்டையின் கண்கொண்டு ஒன்றை நோக்க வேண்டும். நகரமைப்பு அறிஞர்கள் நேர்த்தெருவை ஐரோப்பிய அறிவின் அடையாளமாகக் காண்பர். படையணி போல மனைகளை நிறுத்தும் பொறியியலின் விளைவு என்பர். அஃது ஒருபுறம் உண்மையே. ஆனால் நெசவாளனுக்கு நேர்த்தெரு ஒரு தொழிற்கருவி. விடியலில் தெருவில் பாவு விரித்ததைக் கண்டவர்கள் நம்முள் பலர் இருப்பர். மூங்கில் கவைகளை வரிசையாக நட்டு, அவற்றின்மேல் ஆயிரக்கணக்கான இழைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக் கட்டி, கஞ்சிப் பசை தோய்த்து, இருபுறமும் ஆள் நின்று நீண்ட தூரிகையால் நீவி, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் உலர்த்த வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இழை முறுகி அறுந்துபோகும். ஆகவே பொழுது புலருமுன் தொடங்கி, தெருவில் வண்டி வருமுன் முடித்துவிடுவர். இதற்குத் தெரு நீளமாக இருக்க வேண்டும்; வளையாமல் இருக்க வேண்டும்; இரு வரிசை ஆளும் நடமாடும் அகலம் வேண்டும். கொங்கு நாட்டில் இதற்கெனப் 'பாவடி' என்று தனி நிலமே ஒதுக்கப்பட்டிருந்தது. காஞ்சியிலும் பிற நெசவூர்களிலும் தறிக்காரர் தெருக்கள் நேராக ஓடுவதன் காரணமும் இதுவே. ஒல்லாந்துப் பொறியாளன் அளவுக்கோல் பிடித்து இழுத்த கோடும், நம் நெசவாளன் பாவு பிடித்து இழுத்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தின என்பதே என் எண்ணம். நேர்மையான தெருவைக் கற்றுக்கொள்ள நெசவாளன் கப்பலை எதிர்பார்த்திருக்கவில்லை.

இனி அக்கோட்டை இழுத்தவர்களின் சொந்த ஊர் எத்தகையது என்று பார்ப்போம்.

ஒல்லாந்து கடல்மட்டத்துக்குக் கீழாகவும் கடல்மட்டத்தை ஒட்டியும் கிடக்கும் நிலம். அங்கே கால்வாய் வெட்டுவது அழகுக்காக அன்று. வெட்டாவிட்டால் ஊரே நிற்காது. வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டி உயர்த்தி அதன்மேல் வீடு கட்டினர். நகர்க்கால்வாயை அவர்கள் 'கிராக்ட்' என்பர். தோண்டுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல் அது. தமிழில் அகழ்தலிலிருந்து அகழி பிறந்ததை நினைத்துக் கொள்க. இரண்டு மொழிக்காரரும் மண்ணை வெட்டிய கையாலேயே சொல்லையும் வெட்டியிருக்கின்றனர்.

ஆம்ஸ்டர்டாம் நகரின் புகழ்பெற்ற வளையக் கால்வாய்களை 1613இல் தொடங்கி வெட்டினர். பழவேற்காட்டில் அவர்களுடைய கோட்டை எழுந்ததும் அதே ஆண்டில்தான். கரையோர மனைகளுக்கு முகப்பு குறுகல். பின்னால் நீளம் மிகுதி. வீட்டு முகட்டில் ஒரு விட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் கயிறு பூட்டிப் படகில் வந்த சரக்கை நேரே மேல்மாடிக்கு ஏற்றுவர். அப்படி ஏறிய மூட்டைகளுள் சோழமண்டலத்துச் சாயத்துணியும் இருந்தது. நீரோரம் மரங்கள், மரங்களுக்கும் வீட்டுக்கும் இடையே செங்கல் பாவிய நடைபாதை. வாயிலின் முன்னே இரண்டு மூன்று படிகளும் அமர்வதற்கு ஒரு பலகையும். இவ்வாயில் மேடையை அவர்கள் 'ஸ்தூப்' என்பர். இச்சொல் கடல் கடந்து ஈழத்திற்கு வந்து, மலையகத் தோட்டத்து லயன் வீடுகளின் முன்கூடத்திற்கு 'இஸ்தோப்பு' என்று பெயராகி நிற்கிறது. நம் திண்ணையின் தூரத்து உறவு.

1632இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே, குதிரை கரையில் நடந்து இழுக்கும் பயணப் படகு ஓடத் தொடங்கிற்று. குறித்த நேரத்தில் மணியடித்துப் புறப்படும்; ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் நிற்காது. வணிகனும் மாணவனும் கறிகாய்க்காரியும் ஒரே பலகையில் அமர்ந்து, கரையோரம் நடப்பவனைவிடச் சற்றே விரைவாகச் செல்லும் படகில் ஊர்வம்பு பேசிச் சென்றனர். டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் வெர்மீர் தீட்டிய 'சிறு தெரு' என்னும் படத்தை அச்சில் பார்த்திருப்பீர்கள். மன்னனோ போரோ அதில் இல்லை. வாயிலில் அமர்ந்து ஒருத்தி துணி தைக்கிறாள். சந்தில் ஒருத்தி பீப்பாயருகே குனிந்து வேலை செய்கிறாள். முன்னே தரையில் குழந்தைகள் விளையாட்டில் மூழ்கியிருக்கின்றன. தார் சுற்றிக்கொண்டே அடுத்த வீட்டுக்காரியோடு பேசும் நம் தெருப் பெண்ணை அந்தச் சட்டத்துக்குள் உட்கார வைத்தால் சுவரின் நிறம் ஒன்றே மாறும்.

எனினும் அந்நாட்டு நீரை நாம் பொன்னாற்றங்கரையாக எண்ணிக்கொள்ள வேண்டுவதில்லை. லெய்டன் நகரம் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற நெசவூர். பதினேழாம் நூற்றாண்டில் அங்கும் நெசவாளர்க்கென நேரான தெருக்களில் சிறுசிறு வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. தறி முன்னறையை அடைத்துக்கொள்ள, குடும்பம் எஞ்சிய இடத்தில் ஒண்டிக்கொள்ளும் வீடுகள். சாயக்காரரும் துணி அலசுவோரும் விட்ட கழிவால் லெய்டன் கால்வாய்கள் கோடையில் நாறின. கழிவும் குப்பையும் நீரிலே, காலரா ஊரிலே என்றிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நகரங்களில் கால்வாய்களைத் தூர்த்து மேலே சாலை போட்டனர். ஆம்ஸ்டர்டாமிலேயே அரச மாளிகைக்குப் பின்னால் ஓடிய கால்வாய் 1884இல் தூர்க்கப்பட்டது. பெயரில் மட்டும் நீர் இருக்கும் தெருக்கள் அங்கும் உண்டு.

(லெய்டன் என்றதும் தமிழர்க்கு நினைவுக்கு வருவது வேறொன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த சோழர் செப்பேடுகள் ஒல்லாந்தர் வழியாக அந்நகரத்துப் பல்கலைக்கழகம் சென்று, நெடுங்காலம் அங்கே இருந்ததனாலேயே 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன. இராசராசனின் அறம் ஒரு கால்வாய் நகரின் பெயரால் வழங்கப்பெறுவது வரலாற்றின் விளையாட்டு.)

கால்வாயின்றி ஊரை எண்ணிப் பார்க்க அறியாத இம்மக்கள் கடல் கடந்து சென்ற இடத்திலும் அதனையே செய்தனர். 1619இல் சாவகத்தில் பத்தாவியா நகரை நிறுவி, ஆம்ஸ்டர்டாமைப் போலவே நீர்க்கோடுகள் இழுத்தனர். வெப்ப நாட்டில் அசையாத நீர் என்னாகும் என்று அவர்கள் அறியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் காய்ச்சல் கொத்துக்கொத்தாக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கால்வாய்களில் பலவற்றைத் தூர்க்க வேண்டியதாயிற்று. புதுவையில் ஒல்லாந்தர் தங்கியவை ஆறு ஆண்டுகளே. கோட்டைச் சுவரும் தெருக்கோடும் போட நேரம் இருந்தது. வளையக் கால்வாய் வெட்ட இருக்கவில்லை. மணற்பாங்கான நம் கரையில் வெட்டியிருந்தாலும் கோடையில் அதை நிரப்ப நீருக்கு எங்கே போவது?

ஆயினும் புதுவைக்கு ஒரு கால்வாய் வாய்த்தது. கடலுக்கு இணையாக, வடக்குத் தெற்காக இயல்பாய் ஓடிய சிற்றோடையொன்றை ஒழுங்குபடுத்திப் பெரிய வாய்க்கால் ஆக்கினர். ஒருபுறம் செஞ்சி சாலை, மறுபுறம் அம்பூர் சாலை. பார்வைக்கு ஒல்லாந்துக் கால்வாயின் தம்பி போலவே இருக்கும்: நேராக ஓடுகிறது, இருகரையிலும் சாலை, இடையிடையே சிறு பாலங்கள். ஆனால் இயல்பில் நேர் எதிர். அங்கே கால்வாய் வீட்டின் முகம். நல்ல வீடுகள் அதை நோக்கியே கதவைத் திறக்கும். இங்கே கால்வாய் ஊரின் முதுகு. அதன் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். ஒல்லாந்தன் நீரை வைத்து ஊரைக் கோத்தான். இங்கே நீரை வைத்து ஊரை அறுத்தனர். சரக்குப் படகு அதில் வந்ததில்லை, கறிகாய்ச் சந்தை அதன் கரையில் கூடவில்லை. இருபாலும் வாழ்ந்த இரு நிறத்தார்க்கு இடையே ஓர் எல்லைக்கோடாகவும், மழைநீரும் கழிவுநீரும் போகும் சாக்கடையாகவுமே அது பயன்பட்டது. கறுப்பு நகரத்துத் திண்ணைகளும் தெருத் தாழ்வாரங்களும் தெருவைப் பார்த்தன, வாய்க்காலைப் பார்க்கவில்லை. அத்தகைய தாழ்வாரங்களுள் எஞ்சியவற்றை 2000க்குப் பின் வைசியாள் தெருவில் பழுதுபார்த்து எழுப்பினார்கள். யுனெஸ்கோவின் பாராட்டும் 2008இல் கிடைத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பேறு இன்னும் கிட்டவில்லை. சுவர் எழுப்பி, சிலவிடங்களில் மேலே மூடி வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டனர். நாற்றத்தால்தான் அது இருப்பதை உணர்கிறோம். உட்ரெக்ட் நகரத்தார் 1970களில் பழைய அகழியின் ஒரு பகுதியை வற்றச் செய்து பெருஞ்சாலை போட்டுவிட்டு, ஐம்பதாண்டுக்குள் அச்சாலையைப் பெயர்த்தெடுத்து 2020 செப்டம்பரில் மீண்டும் நீரை விட்டார்கள். செய்த தவற்றைத் திருப்பிச் செய்ய அவர்களுக்குப் பணம் இருந்தது என்பர். பணம் மட்டுமா? அந்நீரின் கரையில் நடந்து பழகிய கால்கள் இருந்தன. நம் வாய்க்காலுக்கு அத்தகைய கால்கள் வாய்க்கவேயில்லை. அதைத் தாண்டியவர்கள் உண்டு, அதனோடு நடந்தவர்கள் குறைவு.

நடை என்று சொன்னதும் பாரதியை நினையாமல் இருக்க முடியுமா? 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த அவர், ஈசுவரன் தர்மராசா கோவில் தெருவிலிருந்து முத்தியால்பேட்டைக் குயில் தோப்புக்கு வந்து போனவர். கிருட்டிணசாமிச் செட்டியாரின் அந்தத் தோப்புதான் 'குயில் பாட்டு'க்கு இடம் தந்தது. அவர் குடியிருந்த தெரு கட்டத்துக்குள் ஒரு நேர்க்கோடு. அவர் வந்து சேர்ந்த தோப்போ அளவுகோலுக்கு அடங்காத நிழல். நகரத்தின் வடக்கு எல்லைச் சாலையைத் தாண்டினால் ஒல்லாந்தர் திட்டம் முடிந்துவிடும். பேட்டையின் சந்துகள் தம் போக்கில் வளையத் தொடங்கும். கவிஞனுக்கு அந்த வளைவு பிடித்திருக்க வேண்டும். ஆனால் பாவு விரித்த தெருக்கள் அப்போதும் இங்கே நேராகவே இருந்தன.

ஒல்லாந்தர் இங்கே வேறு என்ன விட்டுச் சென்றனர் என்று கேட்பவர்க்குச் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டலாம். 'துட்டு' என்பது அவர்களுடைய செப்புக் காசின் பெயர் என்பர் மொழியறிஞர். ஈழத் தமிழர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பதும் மேசையின் இழுப்பறையை 'லாச்சி' என்பதும் அவர்கள் சொல்லே. 'கக்கூசு'ம் அவர்கள் கொடைதான் என்று சொல்லப்படுகிறது. மறைமலையடிகள் மரபினர் இதனைத் திருப்பி அனுப்ப மகிழ்ச்சியோடு இசைவர்.

இன்று மணிக்கூண்டிலிருந்து காந்தி வீதி வழியே தெற்கே நடந்தால், அசந்தா சந்திப்பில் எல்லைச் சாலையைக் கடந்த சில அடிகளில் அம்மாற்றம் காலுக்கே தெரியும். குறுக்குத் தெரு ஒவ்வொன்றின் முனையிலும் நின்று கிழக்கே பார்த்தால், தடையின்றிக் கடற்காற்று வந்து முகத்தில் அடிக்கும். முத்தியால்பேட்டையில் தறியோசை மெலிந்துவிட்டது. தெருவில் பாவு விரிக்க இப்போது வண்டிகள் விடுவதுமில்லை. பின்னர் பிரெஞ்சியர் எழுப்பிய கோட்டையையும் மதில்களையும் 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். மார்த்தேன் எண்ணிக் கொடுத்த 16,000 வராகனில் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போனவை அன்றோடு கடலில் கரைந்தன. தெருக்கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. திரும்பி வந்த மக்கள் அவற்றின்மேலேயே மீண்டும் வாசல் வைத்தார்கள்.